தாராவிக்கு வாழ்க்கைப்பட்டவள்

"சாமியாம்மா, சரக்கா?"

மெட்ராஸ் சென்ட்ரலில் போர்ட்டர் கேட்டார். மரப்பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, கனத்தை உணர்ந்து, கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டார். "சாமின்னா தலையில வெச்சுக்குவேன். சரக்குன்னா தோளு. அதுக்குத்தான்."

உள்ளதைச் சொன்னேன். உள்ளே இருப்பது ஒன்றரை அடி உயரத்தில் ஓர் அம்மன். ஐம்பொன்னில் வார்த்தது. ஆனால் இன்னும் கண் திறக்கவில்லை. கும்பகோணத்தில் என் வீட்டுக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் ஸ்தபதி மூக்கு, உதடு, காதோலை, மூக்குத்தித் துளை வரை செதுக்கிவிட்டு, கண்ணில் மட்டும் கருமணி வரையாமல் விட்டிருக்கிறார். கோயிலில் கொண்டுபோய் வைத்து, அவரே வந்து தங்க ஊசியால் அந்தக் கோட்டைக் கீறுவார். அதன் பிறகுதான் தெய்வம். அதுவரை அவருடைய பட்டறையில் அதற்குப் பெயர் 'உருப்படி'. முகத்தில் மஞ்சள் துணி சுற்றித்தான் என்னிடம் கொடுத்தார்.

போர்ட்டர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ரெண்டுங்கெட்டான்" என்றார். பிறகு சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டார். "நாளைக்குக் கண்ணைத் தொறந்துட்டு, எவன்டா என்னைத் தோள்ல வெச்சவன்னு கேட்டுச்சுன்னா? நமக்கு எதுக்கும்மா வம்பு!"

பம்பாயில் எனக்கு இரண்டு வேலைகள். செம்பூரில் தமிழ் வாசகர்கள் சிலர் கூடி என் வசன கவிதைகளைக் கேட்க ஆசைப்பட்டார்கள். அழைத்தவர் சண்முகம், அங்கே ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா. அவருடைய சொந்தக்காரர்கள் எல்லாம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் குடியேறியவர்கள். தெருமுனையில் படம் வைத்துக் கும்பிட்டுவந்த அம்மனுக்கு இப்போதுதான் ஒரு சின்னக் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். தை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை கண் திறப்பு. ஸ்தபதி வேறொரு ஊர்க் கோயில் வேலையை முடித்துக்கொண்டு நேரே அங்கே வந்துவிடுவார். 'நீங்க வரும்போது அம்மாவையும் கூட்டிட்டு வந்திருங்க' என்று சண்முகம் எழுதியிருந்தார். எடுத்துக்கொண்டு வரச் சொல்லவில்லை, கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகவே சரி என்றேன்.

ரயிலில் என் பெட்டிக்கு ஊருக்கொரு பெயர் கிடைத்தது. ஆந்திராவில் ஏறிய டிக்கெட் பரிசோதகர் 'விக்ரஹமா?' என்று கேட்டுவிட்டு, அதுவரை அதன்மேல் வைத்திருந்த காலை இறக்கிக்கொண்டார். எதிர் இருக்கைக் குழந்தைக்கு அது 'பொம்மை'. ஏறி உட்கார்ந்து பிஸ்கட் தின்றது. சோலாப்பூர்த் துணி வியாபாரியின் மனைவி சோள ரொட்டியும் வேர்க்கடலைப் பொடியும் பிட்டுக் கொடுத்துவிட்டு, 'மூர்த்தியா?' என்று பெட்டியைத் தொட்டு விரல்களைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். பிறகு எனக்குக் கொடுத்ததில் பாதியைப் பெட்டிமேல் வைக்கலாமா என்று யோசிப்பது போலப் பார்த்தாள். நான் அவசரமாகத் தின்றுவிட்டேன்.

ரயில்வே போலீஸ்காரர் வந்தபோதுதான் பெயர் கனத்தது. "ஐடல்?" என்றார் ஆங்கிலத்தில். கோயில் கோயிலாகச் சிலைகள் களவுபோய்க் கப்பலேறும் காலம். அந்த வார்த்தை அவர் வாயில் பிடிவாரண்ட் மாதிரி ஒலித்தது. "பழசா, புதுசா?" ஸ்தபதியின் ரசீதைக் காட்டினேன். நம்பிக்கையில்லாமல் மூடியைத் தூக்கினார். வைக்கோல் நடுவே மஞ்சள் துணியால் முகம் மறைத்த உருவம். "ஏன் மூடியிருக்கு?" கண் திறக்காத கதையை ஓட்டை ஹிந்தியில் சொன்னேன். ஒரு கையால் திறந்த மூடியை இரண்டு கையாலும் மூடினார்.

நாற்பது வயதுக்கு மேல் நான் கற்றுக்கொண்ட பாடங்களில் இது ஒன்று: ஒரு பொருளை என்னவென்று அழைக்கிறோமோ, நம் கை அப்படி நடந்துகொள்கிறது. சிலை என்றால் தட்டிப் பார்க்கும். விக்கிரகம் என்றால் தள்ளி நிற்கும். சரக்கு என்றால் தோளில் ஏற்றும். பெயர் மாறினால் கை மாறும். பெட்டிக்குள் இருப்பவள் மட்டும் எதற்கும் திரும்பிப் பார்க்காமல் தக்காணத்தின் கரிசல் வெளிகளைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை தாதரில் இறங்கினேன். டாக்சிக்காரர் வடக்கத்திக்காரர். பெட்டியை டிக்கியில் வைக்கப் போனவர், என்ன என்று கேட்டதும் நிறுத்திவிட்டார். "மாதாஜியா? பின் சீட்டில் உங்க பக்கத்துல உட்காரட்டும்" என்று ஹிந்தியில் சொல்லி, நான் நகரும்வரை காத்திருந்தார்.

மாட்டுங்காவுக்கு வந்ததும் ஊர் திரும்பிவிட்டதாக மூக்கு சொன்னது. காப்பிக்கொட்டை அரைபடும் வாசனை, வாழையிலையில் சுருட்டி வைத்த மல்லிகை, கோயில் வாசலில் பசுவைக் கட்டிக்கொண்டு புல் விற்கும் பெண், வேட்டியில் பஞ்சகச்சம் கட்டி மேலே கோட்டுப் போட்ட கிழவர். கும்பகோணத்தில் கூட இவ்வளவு கும்பகோணம் இல்லை. நாங்கள் அங்கே தொலைத்ததையெல்லாம் இவர்கள் இங்கே இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறார்கள்.

தங்கியது என் பெரியப்பா பிள்ளை அம்பி அண்ணாவின் வீட்டில். இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அண்ணா பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பேப்பருக்குப் பின்னால் குடியேறிவிட்டவர். வீட்டை ஆள்வது அலமேலு மன்னி. வந்த காலோடு எனக்குச் சாதம் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாண் என்ற ஊரில் இருக்கும் மகளைப் பற்றிப் புலம்பினாள். கல்யாணமாகி ஒரு வருஷம். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மன்னி ரயிலேறிப் போய் அங்கே சாப்பிட்டுவிட்டு வருகிறாள்.

"போன வாரம் ரசம் வெச்சிருந்தா பாரு. வெந்நீர்ல மஞ்சள் பொடி. சொன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறா. எவ்வளவு சொன்னாலும் பெருங்காயம் போடக் கை வரமாட்டேங்கறது."

பெட்டியைக் கூடத்தில் டி.வி. பக்கத்தில் வைத்தேன். டி.வி.யின் நெற்றியில் சந்தனப் பொட்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதில் புராணக் கதை வருகிறது. அந்த நேரத்துக்கு மன்னி அதற்கு மாலையும் போடுகிறாள். எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லி வைத்தேன்: "ஞாயித்துக்கிழமை வரைக்கும் இது வெறும் உலோகம், மன்னி. துணியை எடுக்கக் கூடாது, விளக்கேத்தக் கூடாது. ஸ்தபதி சொல்லியிருக்கார்."

மன்னி பெட்டியைப் பார்த்தாள். "வெறும் உலோகம்னா ஏன் மூஞ்சியை மூடி வெச்சிருக்கா?"

போலீஸ்காரர் கேட்ட அதே கேள்வி. அவருக்குச் சொன்ன பதில் இவளுக்குப் போதவில்லை.

வியாழக்கிழமை செம்பூர். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் கூட்டம். மர பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். நன்றாகக் கேட்டார்கள். நானும் நன்றாகப் படித்தேன்; அடக்கத்துக்காக அதை மறைக்கப் போவதில்லை. காற்றைப் பற்றிய கவிதைக்கு நடுவே மேலே ஒரு மின்விசிறி நின்றுபோனது, கைதட்டினார்கள். முடிந்ததும் பிரம்புக் கூடையிலிருந்து சூடான பட்டாட்டா வடைகளை, அதாவது உருளைக்கிழங்கு போண்டாக்களை, பாவ் ரொட்டிக்குள் வைத்து எல்லோர் கையிலும் திணித்தார்கள். பூண்டுப் பொடி காரம் காதுவரை ஏறியது. இங்கே கவிதைக்கு இதுதான் பொன்னாடை.

ஓர் இளைஞன் என் புத்தகத்தை வாங்கிக் கையெழுத்துக் கேட்டான். "எனக்குத் தமிழ் படிக்க வராது, ஆன்ட்டி. பேசத்தான் வரும். ஹிந்தி மீடியம். அப்பாவுக்காக ஷோகேஸ்ல வெச்சுக்கறேன்" என்றான். கொஞ்சம் வலித்தது. பிறகு நினைத்துக்கொண்டேன்: இதற்கும் இன்னும் கண் திறக்கவில்லை. மஞ்சள் துணியைச் சுற்றி ஒரு வீட்டில் வைத்திருக்கட்டும். என்றைக்காவது ஒரு ஊசி வரும்.

அன்றிரவு சண்முகத்தின் வீட்டில் தங்கி, வெள்ளிக்கிழமை காலையில் திரும்பினேன். குர்லாவில் வண்டி மாறும்போது, ஸ்லோ லோக்கல் என்று நினைத்து ஃபாஸ்டில் ஏறிவிட்டேன். பெண்கள் பெட்டியில் ஆபீஸ் போகிற ஒரு மராத்திக்காரி மடியில் பேப்பரை விரித்துக் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். மாட்டுங்காவில் நிற்குமா என்று கேட்டேன். "நிற்காது. ஆனா தெரியும். இதோ வருது, கையசைச்சுக்கோ" என்றாள் ஹிந்தியில். கையசைத்தேன். மாட்டுங்கா போய்விட்டது. பெட்டி முழுக்கச் சிரித்தது. தாதரில் இறங்கி மறுபடி பின்னால் வந்தேன்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே சாம்பிராணி மணத்தது.

பெட்டி காலியாகக் கிடந்தது. கூடத்தின் நடுவில் கோலம் போட்ட மணையில் அம்மன் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் மன்னியின் பட்டு ரவிக்கைத் துணி பாவாடையாகியிருந்தது. தலையில் கதம்பம். நெற்றியில் குங்குமம். எதிரே தலைவாழை நுனியிலையில் பாயசம், உளுந்து வடை, பச்சரிசிச் சாதம், பருப்பு, நெய். மஞ்சள் துணி மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. முதன்முதலாக அவள் முகத்தைப் பார்த்தேன். கண்கள் மழமழவென்று இருந்தன, உறை பிரிக்காத தாமரை மொட்டு மாதிரி. தூங்குகிறவள் முகமில்லை அது. விழித்துக்கொள்ளத் தயாராகிக்கொண்டிருக்கும் முகம்.

"என்ன மன்னி இது?"

"தை வெள்ளிக்கிழமைடி. ஆத்துல அம்பாள் வந்திருக்கறச்சே பொட்டிக்குள்ள பூட்டி வெச்சுண்டு நான் மட்டும் வடை திங்கச் சொல்றியா?"

"கண்ணே திறக்கலையே இன்னும்."

"கண் திறக்காத கொழந்தைக்குப் பசிக்காதா?" என்றாள் மன்னி. அதற்குமேல் அந்த வீட்டில் ஆகமம் பேச இடமில்லை.

அன்று சாயங்காலம் சொன்னபடி சண்முகம் டாக்சியோடு வந்தார், அம்மனைத் தாராவிக்குக் கூட்டிப்போக. மன்னி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "தை வெள்ளிக்கிழமை விளக்கு வெக்கற நேரத்துல மகாலட்சுமியை யாராவது வெளியில அனுப்புவாளா?" சண்முகமும் தமிழர்தானே, தலையாட்டிவிட்டு டாக்சியைத் திருப்பி அனுப்பினார். சனிக்கிழமை காலையில் வந்தார். "சனிக்கிழமை பொண்ணை அனுப்பற வழக்கம் எங்காத்துல இல்லை" என்றாள். "நாளைக்குக் காலைல கண் தொறப்பும்மா. ஊரே கூடியிருக்கும்." "நாளைக்கு ராகு காலம் இருக்கே." "அது சாயங்காலம்தானம்மா?" மன்னி உள்ளே போய்விட்டாள்.

சண்முகத்தின் முகம் சிறுத்தது. படி இறங்கும்போது என்னிடம் மெல்லச் சொன்னார்: "எங்க ஆளுக ஒரு வருசமா வாயைக் கட்டி வாங்குனது. அந்தம்மா தரமாட்டேன்னுட்டாவன்னு நான் எப்படிப் போய்ச் சொல்லுவேன்? இசக்கியம்மா அத்தை என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிரும்."

அடுக்களைக்குப் போனேன். மன்னி அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அங்க யாருடி மடியாப் பாத்துப்பா? சாக்கடை ஓரம். தோல் ஊறப்போடற நாத்தம். மீனும் மாமிசமும். இப்படி ஒரு அழகியை அங்கே கொண்டு வெச்சா…"

"மடின்னு சொல்லாதீங்கோ, மன்னி. ஜாதின்னு சொல்லுங்கோ" என்றேன். சில வார்த்தைகளை மூடி வைத்தால் அழுகிவிடும். "அவா சாமி. அவா வாயைக் கட்டிச் சேர்த்தது. இங்கேந்து ஒரே ஸ்டேஷன். முப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேள், ஒரு நாள் அந்தப் பக்கம் போயிருக்கேளா?"

"போனதில்லை" என்றாள் மன்னி. "ஆனா இங்கதானே முதல் முதல்ல சாப்பிட்டா. என் கையால. அதுக்கு ஒண்ணும் இல்லையா?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து அம்பி அண்ணாவின் குரல் வந்தது. "அடுத்தவா சாமியை நாம வெச்சுண்டா அதுக்குப் போலீஸ்ல வேற பேர், அலமு."

மன்னியின் கண் நிறைந்தது. ரயிலில் அந்தப் போலீஸ்காரர் சொன்ன 'ஐடல்' எனக்குள் மறுபடி ஒலித்தது. இப்போது அது இந்தக் கூடத்துக்கும் வந்துவிட்டது.

மாலையில் கதவு தட்டப்பட்டது. சண்முகம். அவருக்குப் பின்னால் ஐம்பது வயதில் ஒரு பெண். இரண்டு மூக்கிலும் மூக்குத்தி, அகலக் குங்குமம், முந்தானையை இழுத்துச் செருகிய இடுப்பு. முறுக்குச் சுட்டு விற்கிறவள் என்று சண்முகம் முன்பே சொல்லியிருந்தார். தெருவில் அவள் சொல்லுக்கு மறு சொல் கிடையாது என்றும். இசக்கியம்மாள் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே கூப்பிடுகிறார்களா என்று பார்ப்பதற்காகவே நின்றாள் என்பது எனக்குப் புரிந்தது. மன்னிக்கும் புரிந்தது.

மன்னி வாசல் வரை வந்து ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

"உள்ள வாங்கோ" என்றாள் மன்னி.

இசக்கியம்மாள் வந்து அம்மன் முன்னால் நின்றாள். விழுந்து கும்பிடவில்லை. ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் முகத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தாள். "என்னா லெச்சணமா உடுத்தி வச்சிருக்கிய! எக்கா, சண்முகம் சொன்னான். எங்க ஆத்தா உங்க வீட்லதான் சாப்பிட்டாளாமே?"

"ஆமா. பாயசம், வடை…" மன்னியின் குரலில் சண்டைக்கான ஆயத்தம் இருந்தது.

"மொதச் சாப்பாடா?"

"முதல் சாப்பாடு."

"அப்ப இதுல்லா அவளுக்குப் பொறந்த வீடு!"

மன்னியின் முகம் விளக்கேற்றியது போல் ஆயிற்று. "அதைத்தான் நானும் சொல்றேன். இவா யாருக்கும் புரியமாட்டேங்கறது."

"எனக்குப் புரியுதுக்கா. நீங்க பெத்தவ." இசக்கியம்மாள் சம்மணமிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "நாங்க அவ வாழப்போற வீடு. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கோவப்படாதிய. ஆளான பிள்ளைய எத்தன நாளைக்குப் பொறந்த வீட்லயே வச்சிருப்பிய? நாலு பேரு என்ன பேசுவாவ? பிள்ளைக்குக் கொறையா, எங்களுக்குக் கொறையா?"

மன்னியைப் பார்த்தேன். தானே கட்டிய வீட்டுக்குள் தானே மாட்டிக்கொண்டவள் முகம். பேப்பர் இறங்கியது. அண்ணாவின் கண்ணாடி மேலே எட்டிப் பார்த்தது.

"நாளைக்குக் காலம்பற அனுப்பறேன்" என்றாள் மன்னி கடைசியில்.

"வெறுங்கையோடயா?"

"என்னது?"

"சீர் இல்லாமயா பிள்ளைய அனுப்புவிய? எங்க தெருப் பொம்பளைக வாய் உங்களுக்குத் தெரியாதுக்கா. நான் எப்பிடிச் சமாளிக்கது?"

"சீர் இல்லாம அனுப்பறதாவது!" மன்னி கொதித்து எழுந்தாள். "பட்டுப் புடவை என்ன, பழத் தட்டு என்ன… நீங்க பாட்டுக்கு எங்களை என்னன்னு நெனச்சேள்?"

"பெறவு? கூட வந்து எறக்கி விடணும்லா?" என்றாள் இசக்கியம்மாள், எழுந்துகொண்டே. சத்தமில்லாமல் சிரித்த சண்முகம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. அம்மனின் முகத்தில் மறுபடி மஞ்சள் துணி. சீர்த்தட்டுகள் தயார். இசக்கியம்மாளும் நாலைந்து பெண்களும் வந்துவிட்டார்கள். அம்மனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு இறங்கினோம். ஒரு டாக்சியும் கிடைக்கவில்லை. ஒரு பஸ்ஸும் நகரவில்லை. டி.வி.யில் புராணம் ஓடும் நேரத்தை எல்லோரும் மறந்துவிட்டோம். வரிசையாக நின்ற டாக்சிகளில் ஆளில்லை. டிரைவர்கள் இரானி ஓட்டல் வாசலில் கழுத்தை நீட்டிக்கொண்டு திரையைப் பார்த்து நின்றார்கள். ஒருவரைச் சண்முகம் தொட்டார். "கடவுள் வந்திருக்கிறார், கண்ணில்லையா?" என்று சீறினார் அவர்.

அப்போது வளைவில் ஒரு கைவண்டி திரும்பியது. தள்ளிக்கொண்டு வந்தவர் வெள்ளைத் தொப்பியும் கைலியுமாக ஒரு பெரியவர். "காதர் பாய்" என்றாள் இசக்கியம்மாள். "எங்க ஊருதான். கோயிலுக்கு அடுத்த பட்டறை."

"ஆள அனுப்பலாம்னு பார்த்தேன்" என்றார் காதர் பாய், மூச்சு வாங்கிக்கொண்டே. "பட்டறைப் பயலுவ அம்புட்டுப் பேரும் டி.வி. முன்னால. வண்டி கெடைக்காதுன்னு தெரியும். அதான் நானே தள்ளிட்டு வந்துட்டேன்."

"என்ன பட்டறை?" என்று கேட்டாள் மன்னி.

"தோல் பை தைக்கோம்மா."

மன்னி வண்டியைப் பார்த்தாள். பலகையில் தோல் மூட்டைகள் உரசிய பழுப்புத் தடங்கள். காதர் பாய் கைகளைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கினார். "எங்க மார்க்கத்துல உருவத்தக் கும்புடுததில்லம்மா. வண்டி தள்ளுதத யாரும் தடுக்கல. ஒங்களுக்குச் சங்கடம்னா சொல்லுங்க."

மன்னி சீர்த்தட்டிலிருந்த பட்டுப் புடவையை எடுத்தாள். அரக்கில் பச்சைக் கரை, மகளுக்கென்று வைத்திருந்ததாம். உதறினாள். நான்காக மடித்துப் பலகைமேல் விரித்தாள். "ஏத்துங்கோ" என்றாள். "மெதுவா. காது ஓலை பத்திரம்."

கோயில் வாசலில் புல் விற்கும் பெண் தன் பசுவை அவிழ்த்துக்கொண்டு எங்களோடு நடந்தாள்; கண் திறந்ததும் அம்மன் பார்ப்பதற்குப் பசு வேண்டும். தாராவியில் பெண்களும் சிறுமிகளும் நெல்லும் தயாராக இருந்தார்கள், பசுதான் இல்லை. வண்டியை ஒரு பக்கம் காதர் பாய் தள்ள, மறுபக்கம் மன்னி அம்மனின் முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். எத்தனையோ ஊர்வலம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பம்பாய் காலியாகக் கிடந்தது. மேலே ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் சங்கொலி, மணியோசை, வசனம். நகரமே மாலை போட்ட கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் கைகூப்பியிருக்க, கீழே, தோல் வண்டியில், முகத்தை மூடிக்கொண்டு ஒருத்தி தன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அத்தனை சங்கும் அவளுக்காகவே ஊதுவதாக நான் வைத்துக்கொண்டேன். அவளும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருப்பாள்.

தொண்ணூறடி ரோட்டைத் தாண்டிச் சந்துக்குள் நுழைந்ததும் சாக்கடை, தோல், சோப்பு, முறுக்கு எண்ணெய் என்று வாசனைகள் வரிசையாக வந்து விசாரித்தன. மன்னி மூக்கைப் பொத்தவில்லை. இரண்டு கையும் வேலையாக இருந்தன. ஆனால் கோயில் தெரு கழுவப்பட்டிருந்தது. சுவரிலிருந்து சுவர் வரை கோலம். மிதிக்காமல் வண்டி போக ஒரு வழி மட்டும் விட்டிருந்தார்கள். குலவை எழுந்தது. அந்தச் சத்தத்துக்கு முன்னால் டி.வி.ச் சங்குகள் எல்லாம் தோற்றன.

ஸ்தபதி காத்திருந்தார். பீடத்தில் அம்மனை நிறுத்தித் திரை போட்டார்கள். அந்த முதல் பார்வையின் உக்கிரத்தை மனிதர் தாங்கக் கூடாது. எல்லோரும் விலகி நிற்க, எதிரே ஒரு கண்ணாடி மட்டும் இருக்க வேண்டும். தன்னைத்தான் அவள் முதலில் பார்க்க வேண்டும். காதர் பாய் தன் பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த பெரிய முகக்கண்ணாடியைக் கழற்றி வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் பட்டறை வாசலில் போய் நின்றுகொண்டார்.

"யாரு பிடிக்கப்போறா?" என்றார் ஸ்தபதி.

"பெத்தவதான்" என்றாள் இசக்கியம்மாள்.

மன்னி கண்ணாடியைப் பார்த்தாள். ஓரங்களில் தோல்தூசி. முந்தானையால் மேலிருந்து கீழாக, ஒரு மூலை விடாமல் துடைத்தாள். பிறகு அதைத் தூக்கித் தன் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். திரைக்குள் ஊசி கீறும் மெல்லிய ஓசை. திரை விலகியது. கண்ணாடிக்குப் பக்கத்தில் பசுவைக் கொண்டுவந்தார்கள், நெல்லைக் காட்டினார்கள், சிறுமிகள் வந்தார்கள். பிறகு ஸ்தபதி தலையசைக்க, மன்னி கண்ணாடியை இறக்கினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மொட்டு அவிழ்ந்திருந்தது. "அடி என் கண்ணே" என்றாள் மன்னி. ரயிலில் நான் சேர்த்துவைத்த பெயர்ப் பட்டியலில் அது இல்லை.

கோயில் வாசலிலேயே பெரிய அண்டாவில் பொங்கல் இறங்கியது. படைத்து முடித்ததும் இசக்கியம்மாள் பாய் விரித்து இலை போட்டாள். "எக்கா, உக்காருங்க."

மன்னி சட்டென்று புடவையைச் சரிசெய்துகொண்டாள். "இல்லை… எங்காத்துல ஒரு வழக்கம். பொண்ணைக் குடுத்த ஆத்துல, பேரனோ பேத்தியோ பொறக்கற வரைக்கும் பெத்தவா சாப்பிடப்படாது."

அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதுதான். கல்யாணில் பேரனும் கிடையாது, பேத்தியும் கிடையாது என்பதும், அங்கே ரசம் எப்படி இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். பெண்கள் முகங்களில் சிரிப்பு அணைந்தது. இலை காற்றில் ஒரு தடவை புரண்டது. இங்கே வரை வந்துவிட்டு, இந்த இலைக்கு முன்னாலா எல்லாம் திரும்பிப் போகும்?

இசக்கியம்மாள் இடுப்பில் கைவைத்தாள்.

"பேரப்பிள்ள தானக்கா வேணும்? அம்புட்டுத்தான?" தெருவைப் பார்த்துத் திரும்பினாள். "ஏலே! எல்லாரும் வாங்கலே இங்க! ஆத்தாவப் பெத்தவ வந்திருக்கா!"

மாடிப்படியிலிருந்து, கைவண்டிமேலிருந்து, தண்ணீர் டிரம்முக்குப் பின்னாலிருந்து, காதர் பாய் பட்டறைக்குள்ளிருந்து என்று தெருவே குழந்தைகளாகக் கொட்டியது. பரட்டைத் தலைகள், பல் விழுந்த வாய்கள், ஒருத்தன் இடுப்பில் இன்னொருத்தன். "பூரா அவ பிள்ளைக. எண்ணிக்கிடுங்க" என்றாள் இசக்கியம்மாள்.

மன்னி பார்த்தாள். ஒரு வாண்டு அவள் புடவைக் கரையைப் பிடித்து, என்ன இருக்கிறது என்று தூக்கிப் பார்த்தது. மன்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்துக்கொண்டே பாயில் உட்கார்ந்தாள். இலைமேல் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.

இசக்கியம்மாள் பொங்கலை வைத்தாள். தெருவே நின்று பார்த்தது. மன்னி ஒரு வாய் எடுத்துப் போட்டு, மென்று, விழுங்கி, நெற்றியைச் சுருக்கினாள்.

"நெய் பத்தலை" என்றாள். "அடுத்த வருஷம் நான் கொண்டுவரேன்."